அண்ணன் தலை நிமிர்ந்த கச்சேரி

திருமலையில் முடி எடுக்கும் கூடத்தின் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை ஒட்டிய தூணோரம் நின்றிருந்தேன். எதிரே என் அண்ணன் தாமு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் டோக்கன், இன்னொரு கையில் தேவஸ்தானம் கொடுத்த பாதி பிளேடு. ஈர முடி, சோப்பு, யாரோ ஒரு குழந்தையின் தலையில் அப்பிய சந்தனம் எல்லாம் கலந்து ஒரு வாசனை.

நாவிதர் அண்ணனின் முடியைக் கையில் அள்ளி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். முதுகில் பாதிக்குக் கீழே தொங்குகிற முடி.

"ஆடவாள்ளகி கூட இந்த ஜுட்டு லேதய்யா" என்றார். பொம்பளைகளுக்குக்கூட இத்தனை முடி கிடையாது என்று அர்த்தம். என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தியது.

பிறகு தண்ணீரைத் தெளித்துத் தேய்த்து, "தல வஞ்சு" என்றார். தலையைக் குனி. அதை அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறேழு வருடமாக மேடையில் அவன் செய்துவந்ததே அதுதான்.

அம்மா பக்கத்தில் நின்று கோவிந்தா, கோவிந்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பதியில் எங்கள் கச்சேரி. அதற்கு அடித்த போஸ்டரில் எங்கள் பேண்டின் மூன்று பேரில் ஒருவர் முகமும் கிடையாது. ஒரு கிட்டார், அதன் மேல் வழிகிற முடி, அவ்வளவுதான். அந்த முடி இப்போது கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

வேண்டிக்கொண்ட முடி

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் நேரில் பார்க்கும்போது கேட்கிறார்கள். 'மூக்குமலை' பேண்டின் கிட்டார்காரர் எந்த வெளிநாட்டுக் குழுவைப் பார்த்து அப்படி முடி வளர்த்தார் என்று. பெங்களூரில் ஓர் இணையப் பத்திரிகை, முகத்தை மறைக்கும் அந்த முடி நட்சத்திர மோகத்துக்கு எதிரான அறிக்கை என்றே எழுதியது. அண்ணன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டான்.

அது என் உயிருக்காக அம்மா வேண்டிக்கொண்ட முடி.

நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது டெங்கு வந்தது. எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கம். அங்கே குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். நினைவு தப்பிய அன்று, வார்டு ஜன்னலில் மலை தெரிகிற பக்கம் திரும்பி அம்மா முதலில் என் முடியைத்தான் தருவதாகச் சொன்னாளாம். அதை அவளே பின்னால் சொன்னாள்.

"பொட்டப் புள்ள முடியத் தர்றேன்னு வேண்டிக்கினேன். அப்பறம் ரோசன பண்ணேன். நாளிக்கி பொண்ணு பாக்க வர்றவன் மொட்டத் தலயவா பாப்பான்? அதான் சாமிகிட்ட சொல்லி ஒங்கண்ணன் மேல மாத்திக்கினேன்."

சாமி இந்த இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டாரா என்று அம்மா சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கியது. அதனால் ஒப்புக்கொண்டதாகவே குடும்பத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வார்டில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். அம்மா டீ வாங்கவோ மருந்து வாங்கவோ போகும்போதெல்லாம் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவாள். "பாத்துக்கினே இருடா. கண்ண மூடிக்கினாள்னா நர்ஸம்மாவக் கூப்புடு."

அவன் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். வெறும் தூக்கத்துக்குக் கண் சொருகினால்கூடத் தோளைப் பிடித்து உலுக்குவான். "தூங்க உடுணா" என்று நான் அழுதேன். விடவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய வாரமே குடும்பத்தோடு மலைக்குப் போவதாக ஏற்பாடு. அந்த வாரம் நகரியில் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் வகையறா வழக்கம். வேண்டிக்கொண்ட முடியைக் காணிக்கை தரும்வரை கத்தரி படக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். இரண்டும் சேர்ந்து அண்ணன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

எங்கள் பங்காளிகள் புத்தூர், நகரி, சத்தியவேடு என்று பரவிக் கிடப்பவர்கள். ஒருவருடைய வருடம் முடிகிற சமயம் பார்த்து இன்னொருவர் கிளம்பிவிடுவார். பேசி வைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. நடுவில் கொரோனா வந்து வரிசையாகச் சிலரைக் கொண்டுபோனது. அதை மட்டும் இந்தக் குரலில் எழுத எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

முடி வளர்ந்துகொண்டே போனது.

பிள்ளையார் மேடையில் ஓர் உதறல்

மூக்குமலை எடுத்த எடுப்பில் இப்போதுபோல் கனவில் மிதக்கிற பாட்டை வாசிக்கவில்லை. முதலில் அது விநாயக சவிதிக்கு, அதாவது பிள்ளையார் சதுர்த்திக்கு, வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. அண்ணன் கிட்டார், சித்தூர்க்காரன் மது டிரம்ஸ். மதுவுக்கு வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பாட்டுக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.

காணிப்பாக்கம் பக்கம் ஒரு மேடை. எதிரே நல்ல கூட்டம். பாட்டு தொடங்கியதும் அண்ணன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டான். அதோடு சரி. விரல் உதறத் தொடங்கியது, அடுத்த சுரம் எதுவென்று மறந்துபோனது, பாட்டு முடியும்வரை ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கரெண்ட் பிரச்சினையா என்று அக்கறையாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு கிட்டாரை விற்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு டெங்கு வந்தது அந்தச் சமயம்தான். ஒரு வருடம் போய், முடி நெற்றியைத் தாண்டிக் கண்ணுக்கு மேல் விழ ஆரம்பித்தபோது ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். தலையைக் குனிந்துகொண்டால் கூட்டம் தெரியாது. கூட்டத்துக்கும் இவன் தெரியமாட்டான்.

"முடிக்குள்ள ஒரு ரூம் கீது. உள்ள போயி கதவச் சாத்திக்கினா நிம்மதி" என்று என்னிடம் சொன்னான். அவன் வாழ்க்கையில் சொன்ன நீளமான தத்துவம் அதுதான்.

நான் பாட வந்ததும் அப்போதுதான். காய்ச்சலுக்குப் பிறகு என் குரல் கொஞ்சம் மெலிந்துபோயிருந்தது. ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்கு ஆகாது, தாலாட்டுக்கு வேண்டுமானால் ஆகும் என்றான் மது. கூட்டம் என்றால் எனக்கும் பயம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடுவேன். எனக்கு அதற்கு முடி தேவைப்படவில்லை.

ஆடியும் மார்கழியும்

புத்தூரில் எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தெரிந்தவர் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அது காலியாகக் கிடக்கும். அப்போது எங்களுக்குத் திறந்துவிடுவார். ஆகவே எங்கள் பாட்டெல்லாம் ஆடியிலோ மார்கழியிலோ பிறந்தவை. பின்பக்கக் கதவைத் திறந்தால் மலை தெரியும், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு. பேண்டுக்குப் பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

காலி மண்டபத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் எதிர்ச் சுவருக்குப் போய், சாவகாசமாகத் திரும்பி வரும். வேகமான பாட்டை வாசித்தால் போனதும் வந்ததும் முட்டிக்கொண்டு குழம்பாகிவிடும். வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்தோம். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பான், எதிரொலி அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்கிறது என்பான். எனக்குத் தெரிந்தது அவன் முதுகும் முடியும்தான்.

இன்னொரு காரணம் மதுவின் மணிக்கட்டு. பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. புத்தூரில் முறிந்த எலும்புக்கு எங்கே போவது என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் பத்தையுமாக ஒரு கை. அந்த நாற்றத்தோடு மார்கழி முழுக்க ஒற்றைக் கையால் வாசித்தான்.

"ஒக்க சேத்தோ எந்த கொட்டகலனு? மெதுவா போங்கப்பா, நான் வர்றேன்" என்பான். ஒற்றைக் கையால் எவ்வளவுதான் தட்டமுடியும் என்பது முதல் பாதி.

ஒரு அடி. பிறகு நீண்ட சும்மா. பிறகு இன்னொரு அடி. அந்தச் சும்மாவில் அண்ணனின் கிட்டார் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது, அதன் மேல் என் குரல் மெல்ல ஏறி உட்கார்ந்தது. மூன்று பேரும் வாசிப்பதை நிறுத்திய பிறகும் மண்டபம் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் இது நன்றாக இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கை கூடிய பிறகும் மது அப்படியே வாசித்தான். பின்னால் அதை எளிமையின் அழகியல் என்று எழுதினார்கள். எலும்பு முறிவு என்று ஒருவரும் எழுதவில்லை.

நைனா முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லா தூக்கம் வர்து கண்ணு" என்றார். மாந்தோப்பில் வேலை செய்துவிட்டு வருகிறவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

பேர் வைத்தவன்

திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் வாசித்தோம். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேரில் ஒரு மாணவன் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, இதி ட்ரீம் பாப் கதா?"

"இன்னா பாப்பு?" என்றான் அண்ணன்.

கனவு மாதிரி மிதக்கிற இந்த வகைப் பாட்டுக்கு வெளிநாட்டில் அப்படிப் பெயராம். அதுவரை நாங்கள் அதை 'அந்த ஸ்லோ மேட்டர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். புத்தூர் பஸ்ஸில் இயர்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு அந்தப் பையன் சொன்ன வெளிநாட்டுப் பாட்டுகளைக் கேட்டோம். வடமாலப்பேட்டை வரும்வரை கழற்றவில்லை. நாங்களாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை எங்கேயோ யாரோ எப்போதோ செய்து முடித்திருந்தார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"பர்லேது. வாளகி புத்தூரு கட்டு லேது கதா" என்றான் மது. போகட்டும், அவர்களிடம் புத்தூர் கட்டு இல்லையே.

பிறகு அண்ணன் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் வாங்கினான். தோப்பில் மோட்டார் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து மெதுவாக்கிப் பாட்டுக்கு அடியில் போட்டான். பாட்டில் வார்த்தைகள் குறைந்தன. யாரோ எடுத்துப் போட்ட ஒரு வீடியோ பெங்களூர்வரை போனது. அதில் புகை, விளக்கு, முடி. அதைப் பார்த்துத்தான் நிஷா என்கிற பெண் திருப்பதியில் தான் நடத்தும் இசை விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டாள். கல்லூரி மேடை இல்லை, பாட்டுக்காகவே வருகிற கூட்டம். எங்களுக்கு அப்படி ஒன்று அமைந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிநைனாவின் உடம்பு

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, கடைசியாகச் செத்த பங்காளியின் வருடம் முடிந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு எங்களுக்கு மலை ஏற வழி திறந்தது. இரண்டு, நகரியில் இருந்த பெரிநைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நைனாவுக்குப் பங்காளி, எங்களுக்குப் பெரியப்பா முறை. இனி சாப்பிட ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

எனக்கும் அந்த வாரம் காய்ச்சல் அடித்தது. சாதாரணக் காய்ச்சல், இரண்டு மாத்திரையில் போய்விட்டது. ஆனால் அம்மா நடுங்கிப்போனாள்.

"சாமி ஞாபகப்படுத்துது. நகரிக்காரரு கண்ண மூடிட்டார்னா மறுபடியும் ஒரு வருசம். அதுக்குள்ள இவளுக்கு எதுனா ஆச்சின்னா? நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அழுதாள். நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். "கச்சேரி முடிஞ்ச மறுநாளு போலாம்ணா. அதுக்குள்ள பெரிநைனாவுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

"ஆயிட்டா?"

"முடி இல்லாம ஒன்னால வாசிக்க முடியாது. ஒனக்கே தெரியும்."

அவன் கிட்டார் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாசிக்காட்டி போவுது. ஒனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா அப்பறம் நான் இத எதுக்குத் தொடப் போறேன்?"

அவன் சாமி கும்பிடுகிறவன் இல்லை. கோயிலுக்குப் போனாலும் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பவன். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மொட்டைகளின் ஊரில்

கச்சேரி அன்று மத்தியானம் அரங்கத்து வாசலில் நிஷா எங்களைத் தாண்டி யாரையோ தேடினாள். எதிரே நின்றிருந்த மொட்டைத் தலைதான் தாமு என்று மது சொன்னதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. போஸ்டரை ஒரு தரம் பார்த்தாள். விக் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. சாமிக்குக் குடுத்துட்டதத் திருப்பிக் கேக்கற மாதிரி ஆயிடும்" என்றான் அண்ணன். நெற்றியில் வேர்வை, தலையில் சந்தனம். இரண்டும் கலந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் அக்குளில் செருகி வைத்திருந்தான். காணிப்பாக்கம் மேடைக்குப் பிறகு அந்த உதறலை நான் பார்த்ததில்லை. இவன் இன்று உடைந்துபோவான், இனி வாசிக்கவே மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

மேடைக்கு ஏறும் முன்னால் அவன் திரை ஓரமாக நின்று அரங்கத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மைக் வைக்கிறவருக்கு மொட்டை. விளக்குக்காரருக்கு மொட்டை. இரண்டாம் வரிசையில் தரிசனம் முடித்து வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லாருக்கும் சந்தனம் அப்பிய மொட்டை. அண்ணனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? முடியோடு வந்திருந்தால்தான் பார்த்திருப்பார்கள்.

அண்ணன் கையை அக்குளிலிருந்து எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "போலாம்" என்றான்.

முதல் பாட்டை முழுக்கக் குனிந்தபடியே வாசித்தான். ஆனால் விரல் உதறவில்லை. இரண்டாவது எங்கள் நீளமான பாட்டு, மதுவின் ஒற்றைக் கை காலத்தில் பிறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கிட்டார் நின்றுபோனது.

என்ன ஆனது என்று தெரியவில்லை. நிறுத்தினால் எல்லாமே போய்விடும் என்று மட்டும் தோன்றியதால் பாடிக்கொண்டே இருந்தேன். மதுவும் தட்டவில்லை. என் குரல் மட்டும் தனியாக அந்தப் பெரிய அரங்கத்தில் நடந்து போனது. கண்ணைத் திறந்து திரும்பினேன். அண்ணன் தலை நிமிர்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தந்தி மேல் அப்படியே இருந்தது. நான் அவனைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். பிறகு வாசித்தான்.

பாட்டு முடிந்ததும் அரங்கம் கைதட்டியது. கிட்டார் நின்ற அந்த மௌனத்தைத்தான் பத்திரிகைகள் எங்கள் மிகத் துணிச்சலான பரிசோதனை என்று எழுதின. இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கின்றன.

வெளிச்சம் இருக்கும்போதே வேனில் கிளம்பினோம். மதுதான் ஓட்டினான். "நடுவுல உட்ட ஆ கேப் சூப்பர்ரா தாமு. முன்னாடியே ப்ளான் பண்ணி வச்சிருந்தியா?"

அண்ணன் ரேணிகுண்டா தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீ எப்பவுமே கண்ண மூடிக்கினுதான் பாடுவியா?"

"ஆமாணா. ஏன்?"

"தெரியாது எனக்கு. இத்தினி வருசமா பாத்ததில்ல." மொட்டையைத் தடவிக்கொண்டான். "நிமுந்து பாத்தனா, கண்ணு மூடிக்கினு இருந்திச்சி, வார்டுல மாதிரி. கை நின்னுபோச்சி."

மது ரேடியோவைப் போடக் கையை நீட்டினான். பிறகு போடவில்லை.

பெரிநைனா இன்னும் இருக்கிறார். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதை நம்பி வீட்டில் எல்லாம் கொடுத்தார்கள், துன்னு துன்னு தேறிவிட்டார். எங்களைப் பார்த்தால், பாட்டுக் கச்சேரியெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்பார். அண்ணன் இப்போது மாதம் தவறாமல் புத்தூரில் முடி வெட்டிக்கொள்கிறான். மண்டபத்தில் சுவருக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்காருகிறான். அதனால் எதிரொலி வேறு மாதிரி வருகிறது. மூக்குமலையின் இசை மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டது என்கிறார்கள், இருக்கலாம்.

நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் பாடுகிறேன். கூட்டத்தைப் பார்ப்பதில்லை, அண்ணனைப் பார்த்துப் பாடுகிறேன். பாட்டு நீண்டுபோய் என் இமை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், அவன் தந்தியைச் சற்று ஓங்கி மீட்டுவான். நான் உடனே திறந்துகொள்வேன்.